திரையில் நீந்துவது லியோபிளூரோடான்தானா? ஆறு ஆவணப்படங்களுக்கு ஒரே கேள்வி

தொல்கடல் ஆவணப்படங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் வரைகலையைப் பாராட்டுவார்கள், இசையைப் பாராட்டுவார்கள், வர்ணனைக் குரலுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள், நட்சத்திரம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இங்கே கேள்வி வேறு. திரையில் ஒரு பெரிய உருவம் நீந்தி மறைகிறது. படத்தை நிறுத்திவைத்து, அது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், முடிந்தால் எந்தச் சிற்றினம் என்று பார்ப்பவரே கண்டுபிடிக்க முடிகிறதா? அப்படிக் கண்டுபிடித்த பெயரும் படம் சொல்லும் பெயரும் ஒத்துப்போகின்றனவா?

1999 முதல் 2024 வரை வந்த ஆறு படைப்புகளை இந்தக் கேள்வியை வைத்து உரசிப் பார்த்தால், வழக்கமான தரவரிசை கலைந்துபோகிறது. ஊரே கொண்டாடிய படம் கீழே இறங்குகிறது. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு பெருந்திரைப் படம் மேலே ஏறுகிறது.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம்: இவை எதுவும் டைனோசர் இல்லை. இக்தியோசார், பிளீசியோசார், மோசசார் மூன்றும் தனித்தனியாகக் கடலுக்குத் திரும்பிய ஊர்வன. மோசசார்கள் பல்லி, பாம்பு வகையறாவுக்கு உறவு. 'கடல் டைனோசர்' என்று தலைப்புப் போட்ட காணொளியில் மற்ற பெயர்களும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். அடையாளம் காண அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த இடத்தில் நிறுத்துவது

தொலைக்காட்சிச் செயலிகளில் பத்து வினாடி முன்னே, பத்து வினாடி பின்னே என்றுதான் தாவ முடியும். இந்த வேலைக்கு அது ஆகாது. கணினியில் வைத்துப் பார்ப்பது நல்லது. யூடியூபில் படத்தை நிறுத்திய பிறகு முற்றுப்புள்ளி விசை ஒவ்வொரு சட்டகமாக முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை பின்னே நகர்த்தும். வி.எல்.சி.யில் ஆங்கில 'இ' விசை ஒவ்வொரு சட்டகமாக முன்னே நகர்த்தும்.

விலங்கு முழுப் பக்கவாட்டில், கேமராவுக்குக் குறுக்காகக் கடக்கும் சட்டகம்தான் வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு கேமராவை நோக்கி வரும் காட்சி விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அளவெடுக்க உதவாது. அருகில் இருக்கும் தலை வீங்கித் தெரியும், தூரத்து வால் சுருங்கிப் போகும். பக்கவாட்டுச் சட்டகம் கிடைத்ததும் ஒரு காகிதத் துண்டின் விளிம்பில் மூக்கு நுனியிலிருந்து தாடை மூட்டு வரை குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தலை நீளத்தை உடல் நெடுகிலும் அடியளப்பது போல நகர்த்தி எண்ணுங்கள். நாலு, ஐந்து தலையிலேயே வால் நுனி வந்துவிட்டால் அது பிலியோசார், அதாவது குட்டைக் கழுத்தும் பெருந்தலையும் கொண்ட பிளீசியோசார். ஏழு முதல் பத்து வரை போனால் மோசசார். இருபதை நெருங்கினால், அதில் பாதிக்கு மேல் கழுத்தாகவே இருந்தால், எலாஸ்மோசார், அதாவது நீளக்கழுத்துப் பிளீசியோசார். கழுத்து வளைந்திருந்தால் காகிதத்தை விட்டுவிட்டு நூலை வைத்து அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: வளைந்த கழுத்தை நேர்கோட்டில் அளந்துவிட்டு, கழுத்து அவ்வளவு நீளாத 'கிரிப்டோகிளைடஸ்' என்ற பிளீசியோசார் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அடுத்தது வால். மேலும் கீழுமாக அசைந்தால் அது பாலூட்டி, திமிங்கலமோ டால்பினோ. பக்கவாட்டில் அசைந்தால் ஊர்வன அல்லது மீன். இக்தியோசாருக்குச் சுறாவைப் போல நிமிர்ந்த பிறைவால். ஆனால் முதுகெலும்பு கீழ் மடலுக்குள் இறங்கும், சுறாவில் அது மேல் மடலுக்குள் ஏறும். மோசசாருக்கும், மெட்ரியோரிங்கிட் எனப்படும் கடல் முதலைகளுக்கும்கூட எலும்பு கீழ்நோக்கியே வளையும். ஆகவே வாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, துடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்துடுப்பு பெரிதாகவும் பின்துடுப்பு சிறிதாகவும் இருந்து, கழுத்தே இல்லாமல், கண் தட்டு மாதிரி இருந்தால் இக்தியோசார். முன்கால் சுருங்கி, பின்கால் பெரிதாக இருந்தால் கடல் முதலை. இரண்டு சோடியும் ஏறக்குறைய சமமாக இருந்து, தலை உடும்புத் தலையாக இருந்தால் மோசசார். நான்கும் நீண்ட இறக்கைகளாகி, வால் குட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிளீசியோசார்.

நிறத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம். வரி, புள்ளி, நீலம், செம்மை எல்லாம் வரைகலைஞரின் விருப்பம். எலும்போடு தோலும் தப்பிய ஓரிரு மாதிரிகளில் மட்டும் நிறமிச் சான்று உண்டு. ஜெர்மனியின் ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசாரில் மேற்புறம் கருத்தும் அடிவயிறு வெளுத்தும் இருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது 'இக்தியோசார் இப்படி இருந்திருக்கும்' என்று சொல்ல உதவுமே தவிர, இரண்டு சிற்றினங்களைப் பிரித்தறிய உதவாது.

வாக்கிங் வித் டைனோசர்ஸ், 1999: மூன்றாம் பகுதி

பிபிசி தொடரின் 'குரூவல் சீ' பகுதி. பலருக்குக் கடல் ஊர்வன அறிமுகமானதே இதில்தான். கரையோரம் நிற்கும் யூஸ்ட்ரெப்டோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரை நீரிலிருந்து பாய்ந்து கவ்வும் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கவ்விய விலங்கு லியோபிளூரோடான் என்ற பிலியோசார், நீளம் 25 மீட்டர், எடை 150 டன் என்கிறது படம்.

காகிதத் துண்டை எடுங்கள். பிலியோசாரின் தலை உடலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 25 மீட்டர் உடலுக்கு 5 மீட்டர் மண்டையோடு வேண்டும். இதுவரை கிடைத்த மிகப் பெரிய பிலியோசார் மண்டையோடுகளே 2 மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. லியோபிளூரோடானின் மண்டையோடு ஒன்றரை மீட்டர் அளவு, முழு விலங்கு ஐந்திலிருந்து ஏழு மீட்டர். படம் அதை மூன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. துண்டு துண்டாகக் கிடைத்த, எந்தப் பேரினம் என்றே உறுதியாகாத பெரிய எலும்புகளை லியோபிளூரோடான் கணக்கில் எழுதியதன் விளைவு இது.

அளவை மன்னித்தாலும் காலம் உதைக்கிறது. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. கதை நடப்பது 14 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில். லியோபிளூரோடான் ஃபெராக்ஸ், கிரிப்டோகிளைடஸ், யூஸ்ட்ரெப்டோஸ்பாண்டிலஸ் மூன்றும் ஆக்ஸ்ஃபோர்ட் களிமண் படிவைச் சேர்ந்தவை. அந்தப் படிவு படம் சொல்லும் காலத்தைவிடச் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு பழையது. படம் சொல்லும் காலத்துக்கு நெருக்கமான தென் இங்கிலாந்துக் கடலின் எலும்புகள் கிம்மெரிட்ஜ் களிமண்ணில் இருக்கின்றன. அங்கே பெரிய வேட்டைக்காரனின் பெயர் பிலியோசாரஸ். இடத்தையும் காலத்தையும் மட்டும் கேட்டுவிட்டு, ஒலியை அணைத்துப் பார்க்கும் ஒருவர் 'பிலியோசாரஸ்' என்று எழுதினால் முழு மதிப்பெண். படம் சொல்லும் பெயரை எழுதினால் பூஜ்யம்.

உறுதி செய்யப் பல்லைப் பார்க்க வேண்டும். லியோபிளூரோடானின் பல் குறுக்குவெட்டில் வட்டம். பிலியோசாரஸின் பல் முக்கோணம் அல்லது அதற்கு நெருக்கம். திரையில் இது தெரிய வாய்ப்பே இல்லை. பல்லை நெய்யும்போது வரைகலைக் கூடங்கள் வெறும் கூம்பைத்தான் நடுகின்றன.

இக்தியோசார் காட்சிகள் மட்டும் இன்றும் தேறுகின்றன. ஆஃப்தால்மோசாரஸை எளிதில் பிடித்துவிடலாம்: கண் 20 சென்டிமீட்டருக்கு மேல், விழியைச் சுற்றி எலும்புத் தகட்டு வளையம், கூர்மூக்கு, சுமார் 4 மீட்டர் உடல். குட்டி வால் முதலில் வெளிவருவதாகக் காட்டியிருப்பதும் குட்டியோடு படிவமான தாய்களைப் பார்த்து எழுதியது. முட்டையிடக் கரையேறும் கிரிப்டோகிளைடஸ் என்று பழைய படங்கள் வரையும். இங்கே கிரிப்டோகிளைடஸ் கடற்சிங்கம் மாதிரி கரையில் கூடிக் கிடக்கிறது. அதற்கும் ஆதாரம் கிடையாது. அந்தத் துடுப்புகள் நிலத்தில் உடலைத் தூக்கும் அமைப்பே இல்லை. 2011-இல் வெளியான ஆய்வு, பாலிகோட்டைலஸ் என்ற பிளீசியோசாரின் வயிற்றில் கரு இருந்ததைக் காட்டியபின் முட்டையிடக் கரையேறும் கதையும் முடிந்தது.

அடையாளம் காணும் துணையாக இதற்கு 10-க்கு 3. அந்த மூன்றும் ஆஃப்தால்மோசாரஸுக்கு.

சீ மான்ஸ்டர்ஸ், 2003

தொகுப்பாளர் நைஜல் மார்வென் கூண்டும் படகுமாகக் காலம் தாண்டிப் போகும் மூன்று பகுதி பிபிசி தொடர். நடிப்பு மிகை, ஆனால் ஒரு நல்ல காரியம் செய்கிறது: விலங்குக்குப் பக்கத்தில் மனிதர் மிதக்கிறார். அளவுகோல் திரையிலேயே இருப்பதால் 'எவ்வளவு பெரிது' என்று தேட வேண்டியதில்லை. அதே காரணத்தால் தப்பும் பளிச்சென்று தெரிகிறது. 1999-இன் 25 மீட்டர் லியோபிளூரோடான் இதிலும் வருகிறது.

டைனோசர்கள் தோன்றிய ட்ரயாசிக் காலத்தைக் காட்டும் பகுதிதான் இதில் உருப்படி. நோத்தோசாரஸ், டானிஸ்ட்ரோஃபியஸ், சிம்போஸ்பாண்டிலஸ் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாதவை. நோத்தோசாரஸுக்கு இன்னும் முழுத் துடுப்பு உருவாகவில்லை, விரல்கள் தெரியும். சிம்போஸ்பாண்டிலஸ் ஆதி இக்தியோசார், பிறைவால் இல்லாமல் விலாங்கு மாதிரி நீண்ட உடல். டானிஸ்ட்ரோஃபியஸின் கழுத்து உடலையும் வாலையும் மிஞ்சும், ஆனால் உள்ளே வெறும் 13 எலும்புகள்தான். ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நீளம். ஆகவே அந்தக் கழுத்து விறைப்பாக நகர வேண்டும், பாம்பு மாதிரி சுருண்டால் தவறு. எலாஸ்மோசாரஸில் 72 கழுத்தெலும்புகள், ஆல்பெர்டோநெக்டஸில் 76. நீளக் கழுத்து என்ற ஒரே தோற்றத்துக்குள் இரண்டு நேரெதிர் கட்டுமானம். படம் இதைச் சொல்லாவிட்டாலும் அசைவைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். 2020-இல் டானிஸ்ட்ரோஃபியஸின் சிறிய மாதிரிகள் குட்டிகள் அல்ல, தனிச் சிற்றினம் என்று தெரிந்தது. பெரியதற்கு ஹைட்ராய்டீஸ் என்று பெயர் வைத்தார்கள். 2003 படத்துக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சீ மான்ஸ்டர்ஸ்: எ ப்ரீஹிஸ்டாரிக் அட்வென்ச்சர், 2007

பெயர்க் குழப்பம் இங்கே கட்டாயம் வரும். இது நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் பெருந்திரைப் படம், பிபிசி தொடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள்.

வரைகலை இன்றைக்குக் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும். இருந்தும் அடையாளம் காணத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல படம் இந்த ஆறில் கிடையாது. காரணம் எளிது: ஓர் இடம், ஒரு காலம். கிரெட்டேசியஸ் பின்பகுதி, அதாவது டைனோசர்களின் கடைசிக் காலம், வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுக் கடல், இன்றைய கன்சாஸ் சுண்ணப்பாறை. அங்கே எலும்பு எடுக்கும் காட்சியையும் உயிருள்ள காட்சியையும் படம் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. திரையில் வரும் விலங்கு எந்தப் பாறையிலிருந்து வந்தது என்ற கேள்வி எழவே இடமில்லை.

கதை நாயகி டோலிகோரிங்காப்ஸ், சுமார் 3 மீட்டர். இதுதான் நல்ல தேர்வுத்தாள். குட்டைக் கழுத்து, நீளத் தலை. பார்த்த உடனே 'பிலியோசார்' என்று எழுதத் தோன்றும். தப்பு. மூக்கு ஊசியாக நீண்டிருக்கிறது, பற்கள் மெலிந்து மீன் பிடிக்க ஏற்றவையாக இருக்கின்றன. இது பாலிகோட்டைலிட் குடும்பம். குட்டைக் கழுத்து இதற்குத் தனியாக வந்தது. உறவுமுறையில் இது நீளக்கழுத்து எலாஸ்மோசார்களுக்குத்தான் அருகில். காலமும் காட்டிக்கொடுக்கும்: கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியில் பெரிய பிலியோசார்கள் மறைந்துவிட்டன. 8 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் என்று வர்ணனை சொன்னால், குட்டைக்கழுத்துப் பிளீசியோசார் எதுவாக இருந்தாலும் பாலிகோட்டைலிட் என்றே தொடங்குங்கள்.

வில்லன் டைலோசாரஸ். இதை மற்ற மோசசார்களிலிருந்து பிரிக்க ஒரே ஒரு சட்டகம் போதும். மூக்கு நுனியைப் பாருங்கள்: முதல் பல் தொடங்கும் முன்பே எலும்பு கட்டையாக முன்னே நீண்டிருக்கும், படகின் முன்பகுதி மாதிரி. மோசசாரஸுக்கு அப்படி நீட்சி கிடையாது, பல் கிட்டத்தட்ட நுனியிலிருந்தே தொடங்கும். வாய் திறக்கும்போது மேலண்ணத்தில் இரண்டாவது பல்வரிசை தெரிந்தால் நெய்தவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த உள்வரிசை மோசசார்களுக்கு உண்டு, இரை பின்னே வழுக்காமல் இழுத்துச் செல்ல உதவும். டைலோசாரஸ் பிளீசியோசாரைத் தின்பதும் கற்பனை இல்லை. புதைபடிவ வேட்டையர் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் கன்சாஸில் எடுத்த ஒரு டைலோசாரஸின் வயிற்றுப் பகுதியில் பிளீசியோசார் எலும்புகள் இருந்தன.

குறை ஒன்று உண்டு. அது இந்தப் படத்துக்கு மட்டும் உரியதில்லை. மோசசார் வால் நேரான துடுப்பாக, முதலை வால் போல இருக்கிறது. 2010-இல் பிளேட்டிகார்பஸின் வால் எலும்பு கீழ்நோக்கி வளைவதை விளக்கினார்கள். 2013-இல் ஜோர்டானில் கிடைத்த ப்ராக்னதோடானில் வால்மடலின் தோல் வடிவமே பாறையில் பதிந்திருந்தது. இதைவிட நல்ல காலக்குறி கிடையாது: நேரான வாலுள்ள மோசசார் என்றால் அந்த மாதிரியுரு 2010-க்கு முந்தைய அறிவு, படம் எப்போது வெளியானாலும் சரி. பழைய மாதிரியுருவை வாங்கிப் புதுப் படத்தில் ஓட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதுகு நெடுக அலையாகச் சீப்புமுடி இருந்தால் இன்னும் நூறு ஆண்டு பின்னால் போங்கள். மூச்சுக்குழல் வளையங்களைச் சீப்புமுடி என்று புதைபடிவ ஆய்வாளர் வில்லிஸ்டன் தவறாகப் படித்து, 1902-இல் அவரே திருத்திய விஷயம் அது.

10-க்கு 8. வால் சரியாக இருந்திருந்தால் ஒன்பது.

பிளானட் டைனோசர், 2011

இதில் கடல் கொஞ்சம்தான், நேரமும் கொஞ்சம்தான். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் கிடைத்த, 'பிரிடேட்டர் எக்ஸ்' என்று பட்டப்பெயர் பெற்ற பிலியோசார் வருகிறது, நீளம் 15 மீட்டர் என்று. அடுத்த ஆண்டே அதற்கு பிலியோசாரஸ் ஃபங்கீ என்று முறையான பெயர் வந்தது. அளவும் 10 முதல் 13 மீட்டருக்கு இறங்கியது. பெயர் வைக்கும் முன்பே படம் எடுத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் எந்த எலும்பு ஆதாரம் என்று இடைநிறுத்திக் காட்டுவதை இந்தத் தொடர் வழக்கமாக வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கு மற்றத் தொடர்களில் இல்லை.

ப்ரீஹிஸ்டாரிக் பிளானட், 2022–23

ஆப்பிள் டிவியில் (அப்போது ஆப்பிள் டிவி பிளஸ்) வந்த தொடர். டேவிட் அட்டன்பரோவின் குரல். உயிருள்ள விலங்கைத்தான் படமெடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு நேர்த்தி. உடற்கூறிலும் இதுதான் முதலிடம்: மோசசாருக்கு வால்மடல் இருக்கிறது, சின்னஞ்சிறு செதில் இருக்கிறது, பிளீசியோசாரின் கழுத்து அன்னப்பறவைபோல நீருக்கு மேல் வளைந்து நிற்பதில்லை. நான்கு துடுப்பும் வேலை செய்கின்றன. 2017-இல் வெளியான செயற்கைத் துடுப்புச் சோதனையில், முன்துடுப்பு கிளப்பும் சுழலைப் பின்துடுப்பு சரியான தாளத்தில் பிடித்தால் பின்துடுப்பின் உந்துவிசை 60 சதவீதம் வரை கூடியது. ஒன்றை மாற்றி ஒன்று, கொஞ்சம் தாமதித்து அசையும் துடுப்புகள் இந்தத் தொடரில் அழகுக்காக வைத்தவை இல்லை.

ஆனாலும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் கைவிட்டுவிடுகிறது. கடற்கரைப் பகுதியில் டுவாரங்கிசாரஸ் என்ற எலாஸ்மோசார் குட்டியோடு வருகிறது, கல் விழுங்குகிறது, கைகைஃபிலு என்ற பெரிய மோசசார் அதைத் துரத்துகிறது. இரண்டையும் நிறுத்தி நிறுத்தி எவ்வளவு பார்த்தாலும் சிற்றினத்தைச் சொல்ல முடியாது. டுவாரங்கிசாரஸ் கீசி என்று நிச்சயமாக நமக்குத் தெரிந்தது நியூசிலாந்தில் கிடைத்த ஒரு மண்டையோடும் சில கழுத்தெலும்புகளும். திரையில் நீந்தும் உடல், துடுப்பு, வால் எல்லாம் உறவுக்கார எலாஸ்மோசார்களிடம் கடன் வாங்கியவை. கைகைஃபிலு அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டுகளும் பற்களும் ஒரு மேற்கை எலும்பின் பகுதியும் மட்டுமே. கடன் வாங்குவது குற்றமில்லை, வேறு வழியும் இல்லை. எதுவரை எலும்பு, எங்கிருந்து ஊகம் என்ற கோட்டைத்தான் படம் போட மறுக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் வரும் விளக்கத் துணுக்குகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றிரண்டு விஷயத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே இந்தத் தொடரில் எலாஸ்மோசார் வந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, வர்ணனை சொல்லும் இடத்தைக் கொண்டு பேரினத்தை ஊகிப்பதுதான் நேர்மை.

விதிவிலக்குகள் உண்டு. ஃபாஸ்ஃபோரோசாரஸை எவரும் பிடித்துவிடலாம்: சிறிய மோசசார், சுமார் 3 மீட்டர், இரண்டு கண்ணும் முன்னோக்கித் திரும்பியிருக்கும். ஜப்பானின் ஹொக்கைடோவில் கிடைத்த மண்டையோட்டில் இரட்டைக்கண் பார்வை அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இரவில் ஒளிரும் மீனைத் துரத்தும் காட்சி அங்கிருந்து பிறந்தது. இரண்டாம் பருவத்தில் வரும் குளோபிடென்ஸும் அப்படியே. வாயைத் திறந்தால் கூர்ப்பல் இல்லை, காளான் தலை மாதிரி உருண்டைப் பற்கள். ஓடுடைக்க வேறென்ன வேண்டும்?

மோசசாரஸ் ஹாஃப்மன்னி தனிக் கதை. பாறைத்திட்டில் வந்து நின்று சிறு மீன்களுக்குப் பல்லைக் காட்டும் காட்சியில் நல்ல பக்கவாட்டுச் சட்டகங்கள் இருக்கின்றன. தலையை அளந்து எண்ணிப் பாருங்கள். இந்தச் சிற்றினத்தின் நீளம் ஒரு நூலில் 17 மீட்டர், இன்னொன்றில் 12 என்று வருவதன் காரணம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ரஷ்யாவின் பென்சாவில் கிடைத்த கீழ்த்தாடை 1.71 மீட்டர். உடல் தாடையைப் போல் பத்து மடங்கு என்று வைத்தால் 17.1. ஏழு மடங்கு என்று வைத்தால் 12. முழு எலும்புக்கூடு இல்லாததால் மடங்கைத் தேர்ந்தெடுப்பதுதான் சண்டை. படத்தின் மாதிரியுரு எந்த மடங்கில் நெய்யப்பட்டது என்பது உங்கள் காகிதத் துண்டுக்குத் தெரியும்.

பார்க்க 10-க்கு 10. அடையாளம் காண 6.

அட்டன்பரோ அண்ட் த ஜயன்ட் சீ மான்ஸ்டர், 2024

2024 ஜனவரி 1 அன்று பிபிசியில் வந்தது. ஒரே ஒரு மண்டையோட்டைச் சுற்றி ஒரு மணி நேரம். தென் இங்கிலாந்தில் டார்செட்டின் கிம்மெரிட்ஜ் விரிகுடாவில் கடற்கரையில் மூக்கு நுனி கிடைக்கிறது. மீதி எங்கே என்று ட்ரோன் விட்டுச் செங்குத்துப் பாறையில் தேடுகிறார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு வெட்டி எடுக்கிறார்கள். தலைமை ஸ்டீவ் எச்சஸ், கிம்மெரிட்ஜில் புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருப்பவர். மண்டையோடு 2 மீட்டர் நீளம், சுமார் 130 பற்கள், ஏறக்குறைய 15 கோடி ஆண்டு வயது. விலங்கின் நீளம் 10 முதல் 12 மீட்டர் என்று கணிக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்துவதைக் கவனியுங்கள்.

உயிருள்ள காட்சி குறைவு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அடையாளம் காணும் ஆளுக்கு அதுவே லாபம். மற்றப் படங்களில் பத்து சட்டகம் தேடினாலும் தெரியாத விவரங்கள் இதில் கைக்கெட்டும் தூரத்தில், நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் வருகின்றன: பல்லின் மேல் ஓடும் நெடுவரிக் கோடுகள், மூக்கில் புள்ளி புள்ளியாக உணர்வுக்குழிகள், உச்சந்தலையில் மூன்றாங்கண்ணுக்கான துளை. பல்லை நெருங்கிக் காட்டும் இடத்தில் நிறுத்தி, குறுக்குவெட்டு வட்டமா, பக்கம் தட்டையா என்று பாருங்கள். 1999 படம் காட்டாமல் விட்ட சான்று அதுதான். 10-க்கு 9, ஒன்றைக் குறைத்தது, பின்னணி இசை எலும்பைக்கூடப் பயமுறுத்தும் பேயாக்கப் பார்ப்பதற்காக.

பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடலாம். முதலில் 2007, கன்சாஸ் கடலில் மூன்று குடும்பங்களைப் பிரிக்கப் பழக. பிறகு 2024, ஒரு மண்டையோட்டை எப்படிப் படிப்பது என்று பார்க்க. அதன்பின் ஒலியை அணைத்துவிட்டு ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்டின் கடற்கரைப் பகுதி. ஒவ்வொரு விலங்குக்கும் குடும்பம், பேரினம் என்று காகிதத்தில் எழுதிவிட்டு, ஒலியோடு மறுபடி ஓட்டித் திருத்துங்கள். வாக்கிங் வித் டைனோசர்ஸைக் கடைசியில் வையுங்கள். அந்தத் தொடக்கக் காட்சியில் நீரைப் பிளந்து வரும் தலையைப் பார்த்ததும் கை தானாகக் காகிதத் துண்டைத் தேடும்.